தார்ப்பாய்க்குக் கீழே நாலு டயர்

தார்ப்பாயை நானே எடுக்கறேனுங்க. நீங்க கை வெக்காதீங்க, பூராவும் தூசி. வெள்ளைச் சட்டையில வேற வந்திருக்கீங்க. ம்... பாருங்க இப்ப. நாலும் வந்தபடியே இருக்குது. மேல ஒட்டுன காயிதம்கூடக் கிழிக்கலீங்க. தடவிப் பாருங்க, அந்த ரப்பர் முள்ளு ஒண்ணுகூட உதிர்ந்திருக்காது. இன்னும் ரோட்டையே பாக்காத டயரு.

புது டயரை ஏன் விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்க. அது போன்ல சொல்றது இல்லீங்க. அதனாலதான் நேர்ல வாங்கன்னேன். இந்தக் கட்டில்ல உக்காருங்க. மோர் கரைக்கட்டுங்களா? வீட்டுல ஆளில்லை, ஆனா இப்ப நானே எல்லாம் பண்ணிக்கறேன். வேண்டாமா? சரி, பொறவு குடிக்கலாம்.

உங்களுதும் அதே வண்டின்னீங்க. நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. அப்பச் சரி, உங்களுக்குச் சொன்னா வெளங்கும். இந்த ஊருல எவங்கிட்டச் சொன்னாலும், ஒரு டயரு போனா ஒரு டயரு மாத்தறது, இதுல என்னுங்க இத்தனை கதைன்னு என்னையவே கேக்கறாங்க.

எனக்கு ஒரே பொண்ணுங்க. சிந்துஜான்னு பேரு. மாட்டு டாக்டருக்குப் படிச்சா. வேலையும் கெடைச்சுது, தாளவாடி மலையில. திம்பம் ஏறி, ஆசனூர் தாண்டிப் போகோணும். மாப்ளையும் அந்த ஊருதான். தரணீதரன். வாழை, முட்டைக்கோசுன்னு நல்லா வெள்ளாமை பண்றவரு. அங்க மழை பேஞ்சா காட்டுப் பாதையெல்லாம் சேறாப் போயிரும். எங்கியோ ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்குதும்பாங்க, இவ அந்தச் சேத்துல போகோணும். அதனாலதான் கல்யாணத்துக்கு நான் அந்த வண்டியை வாங்கினேன். யாரும் கேக்கலீங்க. மாப்ளை வீட்டுல வாயே திறக்கல, அதை நான் மறைக்க மாட்டேன். நானாப் பாத்து, எம்பொண்ணு வழியில மாட்டிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு வாங்கினது. மண்டபத்து வாசல்ல மாலை போட்டு நிறுத்தி வெச்சிருந்தேன். வந்த சனம் பூரா பந்திக்குப் போறதை விட்டுப்போட்டு அதைத்தான் சுத்திச் சுத்திப் பாத்துது.

ரெண்டாவது வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு விருந்துக்கு வந்தாங்க. சாப்பிட்டு முடிச்சு, மத்தியானம் கெளம்பறப்ப மாப்ளை வண்டியைப் பின்னால எடுத்தாரு. அதா, கேட்டுக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி நிக்குது பாருங்க. கேட்டு காத்துல ஆடாம இருக்கறதுக்கு அடிச்சது. அது முன் டயரோட பக்கவாட்டுல குத்திக் கிழிச்சிருச்சு. பக்கவாட்டுல கிழிஞ்சா ஒட்டுப் போட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்.

நான் ஒண்ணுமே சொல்லலீங்க. அந்தக் கம்பி பன்னெண்டு வருஷமா அங்கதான் நிக்குதுன்னு மட்டும் சொன்னேன். மாப்ளையும் ஒண்ணும் சொல்லல. வண்டி போற வழியில கம்பி நட்டு வெப்பாங்களான்னு மட்டும் கேட்டாரு. அவ்வளவுதான் பேச்சு. பொறவு நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன், அவரு அந்தப் பக்கம் நின்னாரு.

எம்பொண்ணு என்ன பண்ணுனா தெரியுங்களா? பட்டுப்பொடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஜாக்கியை எடுத்து அவளே மாட்டுனா. பின்னால அடியில ஒரு ஸ்டெப்னி இருக்குமல்லங்க, ஒல்லியா, சின்னதா, பொம்மை வண்டிச் சக்கரமாட்ட. அதுல மஞ்சளா ஒரு சீட்டு ஒட்டியிருந்துது. எம்பதுக்கு மேல ஓட்டாதே, சீக்கிரம் நல்ல டயரை மாட்டுன்னு. அவ அதைப் படிச்சுப்போட்டு, முன்னால ஒல்லி டயரு ஆகாதுன்னு பின் சக்கரத்துல ஒண்ணைக் கழட்டி முன்னால போட்டா, ஒல்லியைப் பின்னால போட்டா. ரெண்டு தடவை ஜாக்கி ஏத்தி எறக்குனா. அவங்கம்மா மட்டும் ஓடிப் போயி நட்டைப் பொறுக்கிக் குடுத்துக்கிட்டு நின்னா. நான் எப்புடிங்க போயி குனியறது? நான் போனா தப்பு என் மேலன்னு ஆயிருமல்ல. மாப்ளையும் அதே நெனப்புல நின்னிருப்பாரு. ஆம்பளைங்க நாங்க நிக்கறோம், அவ வேர்த்து வழிஞ்சு எந்திரிச்சு, கையைத் தொடைச்சுக்கிட்டு, "போலாங்களா"ன்னா. யாரைப் பாத்துக் கேட்டான்னே தெரியல.

ஒரு டயருன்னா அன்னைக்குச் சாயங்காலமே வாங்கிப் போட்டிருப்பேனுங்க. சத்தியமாச் சொல்றேன். கடையில கேட்டா, மத்த மூணும் பாதி தேஞ்சிருக்குது, இந்த வண்டிக்கு நாலும் ஒரே அளவுல இருக்கோணும், ஒண்ணை மட்டும் புதுசாப் போட முடியாது, நாலையும் மாத்தோணுங்கறாங்க. அங்கதான் விஷயமே வேறயாயிருச்சு. ஒரு டயரு வாங்கிக் குடுத்தா அது ஒறம்பரை, சொந்தத்துக்குள்ள பண்ற மொறை. நாலு டயரு வாங்கிக் குடுத்தா அது அபராதம். எங்க கேட்டுல கிழிஞ்சுது, அதனால நாலும் கட்டுனேன்னு ஊருல பேசமாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க.

அதுக்காகக் கடுசா இருக்கலீங்க நான். மாப்ளை வாயைத் திறந்து, மாமா, டயரு போடோணும்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், நாலென்ன எட்டு வாங்கித் தர்றேன்னேன். எல்லாருகிட்டயும் சொன்னேன். அவரு காதுக்கும் போச்சு. அதுக்கு அவரு என்ன சொன்னாராம்? "அவங்க வாசல்ல கிழிஞ்சது அவங்களுக்கே தெரியும். நான் போயிக் கேக்கோணுமா?"ன்னாராம். பாத்துக்கோங்க. கொறைஞ்சா போயிருவாரு?

ஆவணி போச்சு. ஒல்லி டயருலதான் ஓட்டிக்கிட்டிருந்தா. அந்த மலைக்காட்டுல, தெனமும். கடைக்குப் போய்ச் சேர்றதுக்குன்னு குடுத்த டயரு அது.

சிந்துஜா ஒருநா போன் பண்ணுனா. "அப்பா, நான் சம்பாதிக்கறனல்லங்ப்பா. நானே நாலு டயரும் போட்டுக்கறனுங்க. நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க"ன்னா. எனக்கு வந்துதே கோவம். "அம்மிணி, நீ போட்டீன்னா கட்டுனவனுக்கும் வக்கில்லை, பெத்தவனுக்கும் வக்கில்லைன்னு அர்த்தம். அந்த வேலை மட்டும் பண்ணிராத"ன்னேன். பொறவு, "அவரும் இதையேதான் சொன்னாருங்ப்பா"ன்னா. அந்த ஒரு விஷயத்துல மாப்ளையை நான் மெச்சுனேனுங்க. மானமுள்ள மனுசன்.

ஆனா அவ கேக்கலீங்க. எங்களுக்குத் தெரியாம ஈரோட்டுல ஈஸ்வரமூர்த்தி கடையில நாலு டயருக்குச் சொல்லியிருக்கறா. ஈஸ்வரமூர்த்தி எனக்கு முப்பது வருஷப் பழக்கம். என் டிராக்டரு டயரெல்லாம் அவங்கிட்டத்தான். அவன் உடனே எனக்குப் போன் போட்டான். "ஏனுங்க, பாப்பா டயருக்குச் சொல்லியிருக்குது, உங்களுக்குத் தெரியுமல்ல?"ன்னான்.

நான் யோசிச்சேன். இவ கைக்காசுல வாங்கிப் போட்டா ரெண்டு வீட்டுக்கும் அசிங்கம். அப்படியே விட்டாலும் ஆகாது. அதனால ஒரு காரியம் பண்ணுனேன். "டயரு வந்ததும் நேரா என் வீட்டுக்கு அனுப்பிரு, பணத்தை நான் கட்டிக்கறேன். பாப்பா கேட்டா இன்னும் ஸ்டாக் வரலைன்னு சொல்லு"ன்னேன். அவனுக்கு மனசில்லை. "பாவமுங்க, மலைக்குப் போற புள்ளை"ன்னான். "எம்புள்ளையைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். பேசாம அனுப்பிட்டான். புரட்டாசி மொத வாரம் இந்த நாலும் வந்து எறங்கிருச்சு.

ஏன் அப்பவே குடுக்கலைன்னு கேக்கறீங்க. குடுக்கறதுக்குத்தானுங்க வாங்கினது! முழுசாக் கேளுங்க. தீபாவளி வருதல்ல. தீபாவளிக்கு மாப்ளை வந்துதானே ஆகோணும். வந்தா, சனமெல்லாம் இருக்கறப்ப, தேங்கா பழம் வெச்சு, நாலு டயருக்கும் பொட்டு வெச்சு, இந்தாங்க மாப்ளைன்னு குடுக்கலாம். அவரு கேட்டு நான் குடுத்ததாவும் இருக்காது, நான் தோத்துக் குடுத்ததாவும் இருக்காது. சீராப் போயிரும். எத்தனை யோசிச்சு வெச்சிருந்தேன் பாருங்க. தார்ப்பாய் போட்டு மூடி, இந்தக் கொட்டாயைப் பூட்டிச் சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்ட, "அவகிட்ட வாயை விட்டீன்னா பாத்துக்கோ"ன்னேன். அவளும் சொல்லல. இப்ப அதுக்குத்தான் எம்மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறா.

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை சிந்துஜா மட்டும் வந்தா. வண்டியைக் கொண்டாந்து சரியா இங்கதான் நிறுத்துனா, இந்தக் கொட்டாய்க்கு முன்னால. எறங்குனதும் ஒரு வாடை அடிச்சுது, எண்ணெய் கருகுன மாதிரி. "என்ன அம்மிணி வாடை?"ன்னேன்.

"பத்து நாளா இருக்குதுங்ப்பா. வளைவுல திருப்பும்போது யாரோ பின்னால இருந்து புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. டக்கு டக்குன்னு சத்தமும் வருது. மெக்கானிக் பாத்துட்டு, ஒரு சக்கரம் சின்னது, மூணு பெருசு, நடுவுல சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி ரெண்டையும் சமாளிச்சுச் சமாளிச்சு வேகுதுங்கறாரு. ஓட்டாதீங்கன்னுட்டாரு."

"பொறவு ஏன் ஓட்டற?"

"மாடு காத்திருக்குமாங்ப்பா? டயருக்குச் சொல்லியிருக்கறேன், ஸ்டாக்கே வரமாட்டேங்குதுங்க."

சொல்லிப்போட்டு என் மூஞ்சியைப் பாத்தா. திருட்டுத்தனமாச் சொல்லியிருந்தது வாயில வந்திருச்சல்ல, நான் திட்டுவேன்னு நெனைச்சிருப்பா. நான் திட்டல. தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன். அவ உள்ள சாப்பிடப் போனதும் நான் வந்து அந்த ஒல்லி டயரைத் தொட்டுப் பாத்தேனுங்க. வழுவழுன்னு இருந்துது. ஒரு பக்கம் உள்நூலு தெரிஞ்சுது. இங்க வண்டி, அங்க டயரு. நடுவுல அந்தப் பூட்டு. சாவி என் இடுப்புல.

எடுத்துட்டேனுங்க சாவியை. பொய் சொல்லல. எடுத்துக் கையில வெச்சிருந்தேன். அப்ப அவ சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டே சொல்றா, "அவரு இப்பெல்லாம் உங்களைப் பத்திப் பேசறதே இல்லீங்ப்பா. பேசுனாச் சண்டை வருதுன்னு வுட்டுட்டாரு"ன்னு. அவ சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் அது இங்க குத்திருச்சு. என்னைப் பத்திப் பேசறதே இல்லையா? பொண்ணைக் குடுத்தவனைப் பத்தி? சரி, தீபாவளிக்கு வரட்டும்னு சாவியை மறுபடி சொருகிக்கிட்டேன். இன்னும் ஒரு மாசந்தானே. "பாத்து மெதுவாப் போ கண்ணு"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன். மெதுவாத்தான் போனா. திரும்பிப் பாத்துக் கையைக்கூட ஆட்டுனா.

தீபாவளிக்குப் பதினோரு நாளு இருக்குது. திம்பத்துல மழை. காலையில பத்து மணி இருக்கும். கீழ எறங்கிக்கிட்டு இருந்திருக்கறா. ஒரு வளைவுல திருப்பும்போது அந்தப் பெட்டி இறுகிச் சக்கரம் சுத்தாம நின்னுருச்சாம். ஈரத்துல வண்டி நேரா இழுத்துக்கிட்டுப் போயி, தடுப்புச் செவத்தை ஒடைச்சு, கீழ இருக்கற ரோட்டுலயே விழுந்திருக்குது. பின்னால வந்த காய்கறி லாரிக்காரங்கதான் எறங்கித் தூக்கியிருக்கறாங்க. நல்லா இருக்கோணும் அவங்க.

எங்க போய்க்கிட்டு இருந்தான்னு பொறவுதான் தெரிஞ்சுது. ஈஸ்வரமூர்த்தி கடையில வரலை வரலைன்னு சொன்னதுல, கோயமுத்தூர்ல வேற ஒரு கடையில பேசி, அன்னைக்கே போட்டுக்கறேன்னு லீவு சொல்லிட்டு எறங்கியிருக்கறா. யாருகிட்டயும் சொல்லலீங்க. புருசன்கிட்டயும் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பனா? பெத்தவங்ககிட்ட மறைச்சா இப்புடித்தான் ஆகும். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அது தெரியறது இல்லை.

உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க. கழுத்து எலும்பு ஒடைஞ்சுபோச்சு. கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது. கை, காலு எதுவும். பேச்சு இருக்குது. புத்தி இருக்குது. ஆஸ்பத்திரியில நான் போயி நின்னதும் மொத வார்த்தை என்ன கேட்டான்னு நெனைக்கறீங்க? "அப்பா, வண்டியில பின்னால ஐஸ் பெட்டி இருக்குது, தடுப்பூசி மருந்து, யாராவது எடுத்து ஆபீசுல குடுத்தாங்களா?"ன்னா. நான் அழுதுட்டேனுங்க. எங்கம்மா செத்தப்பக்கூட அழுகாதவன் நானு.

அங்க வெச்சுத்தான் மாப்ளை அந்த வேலையைப் பண்ணுனாரு. ஈஸ்வரமூர்த்தி வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டாம, அழுதுக்கிட்டே போயி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவுல நாப்பது பேரு நிக்கறாங்க. அவங்க சொந்தம், எங்க சொந்தம், நர்ஸுங்க, எல்லாரும். மாப்ளை எம்பக்கத்துல வந்தாரு. சத்தம் போடலீங்க. மெதுவாத்தான் கேட்டாரு. "மாமா, டயரு உங்க வீட்டுலதான் இருந்துதுங்களாமா?"ன்னாரு.

மாமான்னாரு! மூணு மாசமா அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன். அதைக் கேக்கற எடமுங்களா அது? நாப்பது பேரு முன்னால? எனக்கு அப்புடியே கூசிப்போச்சு. "ஏன், உங்களுக்குக் கையில்லையா, வாங்கிப் போட்டிருக்கலாமல்ல? ஓட்ட விட்டது நீங்கதானே?"ன்னேன். அவரு, "ஆமாங்க, நாந்தான்"ன்னு செவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டாரு. நான் எறங்கி வந்துட்டேன். அன்னைக்கு வந்தவன்தான். அத்தனை பேரு முன்னால கேட்டது தப்புன்னு அவரு வந்து ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுட்டேன்.

இப்பப் பங்குனி. அஞ்சு மாசமாச்சுங்க. இல்லை, நான் இன்னும் போயிப் பாக்கலை. தாளவாடி வீட்டுல முன்னறையில படுக்க வெச்சிருக்கறாங்களாம். ஜன்னலைத் திறந்தா மாட்டுக் கட்டுத்தரை தெரியறாப்புல கட்டிலைப் போட்டிருக்கறாங்களாம். எவனாவது மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தா, படுத்தபடியே இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு சொல்றாளாம். எல்லாம் எங்க வீட்டுக்காரி போன்ல சொன்னது. அவ அங்கியே போயிட்டா. நாலு துணியைப் பையில போட்டுக்கிட்டு, "நீங்க உங்க கவுரவத்தைப் பாத்துக்கிட்டு இருங்க, நான் எம்பொண்ணைப் பாத்துக்கறேன்"னு பஸ்ஸேறிட்டா. அரிசி பருப்பு எங்க இருக்குதுன்னுகூடச் சொல்லிட்டுப் போகலை.

கல்லு மனசுன்னு நெனைக்காதீங்க. ராத்திரியில தூக்கம் இல்லை எனக்கு. எம்பொண்ணுங்க. நடக்கப் பழகுனது இந்த வாசல்லதான். ஒரு நாளைக்கு நூறு தடவை கெளம்பறேன் மனசுல. சத்தியில இருந்து மலைக்குப் பஸ்ஸு இருக்குது, ஏறி உக்காந்தா மத்தியானத்துக்குள்ள போயிருவேன். ஆனா போயி, அந்த வாசல்ல யாரும் வாங்கன்னு சொல்லாம நின்னா? சொல்லுங்க. நின்னுட்டுத் திரும்பி வந்தா என்ன மரியாதை?

இருங்க. போன் அடிக்குது.

அவதானுங்க. தெனமும் இந்த நேரத்துக்கு அடிக்கும். சிந்துஜான்னு பேரு வருது பாருங்க. இல்லை, நான் எடுக்கறது இல்லை. அவளாக் கூப்புடறா? அவளுக்குத்தான் கையே வராதே. வீட்டுக்காரி இந்நேரம் பால் கறக்கப் போயிருவா. மாப்ளைதான் காட்டுல இருந்து வந்து, நம்பரை அமுக்கி, அவ காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கறாராம். மணி அடிச்சு ஓயற வரைக்கும் நிக்கறாராம், கை வலிச்சாக் கை மாத்திக்கிட்டு. வீட்டுக்காரி சொன்னா. அஞ்சு மாசத்துல ஒரு நாள் தவறலையாம். தெனமும் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியுதல்ல, அந்தப் போனைத் தன் வாய்க்குப் பக்கத்துல வெச்சு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே அந்த மனுசனுக்கு.

அடிக்கட்டுமுங்க. சித்த நேரத்துல தானா நின்னுரும். நீங்க டயரைப் பாருங்க.